இடத்தன் கயிறு

உங்களில் யாருக்கெல்லாம் சின்ன வயதில் இடது கையில் அடி விழுந்தது? கையைத் தூக்குங்கள் என்று சொன்னால் இந்த வயதிலும் வலது கையைத்தான் தூக்குவீர்கள். அவ்வளவு நன்றாக அடித்து வளர்த்திருக்கிறார்கள் நம்மை.

எனக்கும் விழுந்தது. இன்றைக்கு நான் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால்தான். அந்தச் சண்டையில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள், போகட்டும். ஆனால் இன்னொரு சண்டை இருந்தது, அதில் நான் தோற்கவில்லை. போன வாரம் இங்கே நகரத்தில், ஆரியசாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் அந்தப் பழைய சண்டை மறுபடியும் மூண்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் பொன்முடி மலையில் ஒரு மழைக்காலத்தைச் சொல்லியாக வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள். நம் வயதில் வேறென்ன அவசர வேலை இருக்கிறது?

அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க். நாஞ்சில் நாட்டிலிருந்து வேலைக்காக மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. தகரக் கூரை போட்ட கோட்டர்ஸ். ஆடி மழை தகரத்தில் விழ ஆரம்பித்தால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அம்மா அதனால்தான் பேசுவதையே விட்டுவிட்டாள் என்று அப்பா கேலி செய்வார். துணி காயாது. ஜாடியில் உப்பு தண்ணீராகும். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு நடப்போம், அந்த நெடி பாவாடையில் ஏறி வாரக்கணக்கில் போகாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் சின்ன வகுப்புகளோடு முடிந்துவிடும். அதனால் ஓணம் கழிந்ததும் என்னைக் கீழே நகரத்தில், கரமனையில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பி அங்கே படிக்க வைப்பதாக ஏற்பாடு. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கூட்டிப்போக வந்தவள் ஆடியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். வந்த அன்று மத்தியானம் நான் இடது கையால் அப்பளத்தை எடுத்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"தம்பி, இவளை இப்பிடியே கொண்டு போனேன்னா சாரு முட்டியப் பேத்துருவாரு. நாளைக்கு ஒருத்தன் வீட்டுல போயி இடக்கையால சோறு வெளம்புவாளா? ஓணத்துக்குள்ள நான் கையைத் திருத்தித் தாறேன் பாத்துக்கோ."

அத்தை கெட்டவள் இல்லை. மடியில் இஞ்சி மிட்டாய் வைத்திருந்து தருவாள், என் தலையில் பேன் பார்ப்பாள், காய்ச்சல் வந்தால் விழித்திருப்பாள். ஆனால் எடுத்த காரியத்தை விடமாட்டாள். முதலில் அகப்பைக் காம்பால் தட்டினாள். பிறகு இடது கை விரல்களில் மிளகாயை அரைத்துத் தடவினாள். நான் அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன். கடைசியில், சாப்பிடும்போதும் சிலேட்டில் எழுதும்போதும் இடது கையைப் பெஞ்சுக் காலோடு கட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

இங்கேதான் அப்பா வருகிறார். சணல் கயிறு பிள்ளைக்கு உறுத்தும் என்று அவருக்குப் பாவமாக இருந்ததாம். மழையில் குடை பிடித்துக்கொண்டு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய், காட்டு நாரில் முறுக்கிய மெத்தென்ற கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். "இது வலிக்காது மக்களே" என்று அவரே கட்டிவிட்டார். கட்டக் கூடாது என்று சொல்லத் தெரியாத மனுஷன், கட்டுவதற்கு நல்ல கயிறாகத் தேடினார். அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இன்றைக்கும் அவர்மேல் கோபம் தீரவில்லை.

கயிறு அழகாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இளமஞ்சள் நிறம், வெளிச்சத்தில் லேசாக மினுங்கும். ஓடைச் சேறும் பச்சைப் பட்டையும் கலந்த ஒரு வாசனை. நாட்டு மருந்துக்கடையில் திருகித் திருகி ஒரு காய் பார்த்திருப்பீர்கள், கைக்குழந்தைக்கு வயிறு வலித்தால் உரைத்துக் கொடுப்பார்களே, வலம்புரிக்காய். மலையாளத்துக்காரர்கள் இடம்பிரி வலம்பிரி என்பார்கள். அந்தச் செடியின் பட்டையில் எடுத்த நார் அது.

மணிக்கட்டில் ஒரு முடிச்சு, பெஞ்சுக் காலில் ஒரு முடிச்சு. மணிக்கட்டு முடிச்சுக்கு அப்பால் ஒரு சாண் வால் மிச்சம் தொங்கும். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி கயிற்றைச் சப்பாமல் வேறென்ன செய்யும்? நான் வாலைப் பல்லால் பிரித்தேன். இரண்டு புரி வந்தது. ஒவ்வொரு புரியும் பிரிந்து தலைமுடி மாதிரி நாராக வந்தது. பிரித்ததை அத்தை பார்த்தால் தொலைந்தோம் என்று மறுபடி முறுக்கப் பார்த்தேன். வலது கைக்கு அது வரவில்லை. கட்டியிருந்த இடது கை என் இடது தொடை வரைக்கும் எட்டியது. உள்ளங்கையால் தொடைமேல் வைத்து உருட்டினேன். நார் பாம்பு போல நெளிந்து தானாகவே ஒன்றோடொன்று ஏறிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் சொல்லித் தரவில்லை. என்னைக் கட்டின கயிறுதான் சொல்லித் தந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். வலது கை பாட்டுக்குச் சோற்றைச் சிந்திக்கொண்டிருக்கும், அத்தை அதைப் பார்த்து மெச்சுவாள். பெஞ்சுக்கு அடியில் இடது கை வேறு வேலை பார்க்கும். வால் முடிந்ததும் முடிச்சை நெகிழ்த்தி அடுத்த சாணைப் பிரித்தேன். இப்படியே நகர்ந்து நகர்ந்து கயிற்றில் பாதியை என் கயிறாக ஆக்கிவிட்டேன்.

ஒரு நாள் கட்ட எடுத்தபோது அத்தை முகத்தைச் சுளித்தாள். கயிறு ஒரு பாதி ஒரு பக்கமாகவும் மறு பாதி எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து, நடுவில் திமிறிக்கொண்டு நின்றது. லயத்துக்காரி கெட்ட கயிற்றைத் தலையில் கட்டிவிட்டாள் என்று நினைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள்.

கயிறு தந்தவளை நாங்கள் லயத்து அக்கா என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கொழுந்து கிள்ளுகிறவள். வாய் கத்தி. அத்தை நீட்டிய கயிற்றை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாக்கை நீட்டி ஒரு முனையை நனைத்துப் பார்த்தாள். பிறகு அத்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பாதி எம் முறுக்கு. இந்தப் பாதி யாரு முறுக்குனது? இது இடத்தன்லா?"

நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதுவே பதிலாகப் போயிற்று.

இடத்தன் என்றால் என்னவென்று உங்களில் உழவு பார்த்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஏரில் இடப்பக்கம் பூட்டுகிற மாடு இடத்தன், வலப்பக்கம் வலத்தன். ஊரில் மாட்டை விட்டுவிட்டு மலைக்கு வந்தவர்கள் அந்தப் பெயர்களை மட்டும் விடாமல் கொண்டுவந்து கயிற்றுக்கு வைத்திருந்தார்கள். வலத் தொடையில் வலக்கையால் உருட்டினால் புரி ஒரு பக்கமாகச் சாயும், அது வலத்தன் கயிறு. இடத் தொடையில் இடக்கையால் உருட்டினால் நேர் எதிராகச் சாயும், அது இடத்தன்.

அத்தை "ஐயோ, இதுக்கா கையைக் கட்டிப் போட்டேன்" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றைக்கு ராத்திரியே அந்தக் கயிறு வெந்நீர் அடுப்புக்குள் போயிற்று. இன்றைக்கு என் கையில் எதைத் திருப்பித் தரட்டும் என்று யாராவது கேட்டால் அதைத்தான் கேட்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் கூட்டமாக எங்கள் கோட்டர்ஸ் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். தூறலில், கிள்ளும்போது இடுப்பில் கட்டும் முரட்டுத் துணிப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கிளார்க் வீட்டு முற்றத்தில் அவர்கள் அப்படிக் கூட்டமாக வந்து நான் பார்த்ததில்லை. அப்பா ஏதோ சம்பளப் பிரச்சினை என்று பயந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கிளார்க்கய்யா, பாப்பாவை ஓணம் வரைக்கும் மத்தியானத்துக்கு மேல லயத்துக்கு அனுப்புங்க. எங்களுக்கு இடத்தன் கயிறு வேணும்" என்றாள் லயத்து அக்கா.

எதற்கு என்று அப்பா கேட்டார். அவள் வாயால் சொல்லவில்லை. ஒருத்தியின் கூடையில் நனைந்த கொழுந்தை அமுக்கி நிரப்பி, அதைத் தலையில் மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். கூடையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கயிறு மேலே போய் உச்சந்தலையில் மடித்த துணிக்குமேல் உட்காரும். இரண்டும் வலத்தன் கயிறு. பாரம் ஏறியதும் இரண்டும் ஒரே பக்கமாகப் பிரியப் பார்த்தன. கூடை மெல்ல மெல்ல ஒருக்களித்து அவள் விலாவுக்குத் திரும்பியது. கழுத்தும் கூடவே திரும்பியது. சரிவில் நிற்கும்போது இப்படித் திரும்பினால் கொழுந்து கொட்டும், சில நேரம் ஆளும் போவாள்.

ஒன்று வலத்தனும் ஒன்று இடத்தனுமாக ஜோடி சேர்த்தால் ஒன்றின் திமிறலை மற்றது பிடித்துக்கொள்ளும், கூடை நேரே நிற்கும். அந்த லயத்தில் இடக்கைக்காரி ஒரு பெரியம்மா இருந்தாளாம். எல்லாக் கூடைக்கும் அவள்தான் இடத்தன் முறுக்குவாள். மகளோடு ஊருக்குப் போய்விட்டாள். வலக்கைக்காரிகள் மாற்றி உருட்டிப் பார்த்தார்கள். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம், முறுக்கு இறுகவில்லை. கூடைகள் எல்லாம் அந்த மழைக்காலம் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருந்தன.

அத்தை விடுவாளா? "அதுக்கு எங்க வீட்டுப் பிள்ளைக்க கையைக் கெடுக்கணுமோ?"

"கெடுக்கச் சொல்லலம்மா. கெடுக்காம வையுங்கன்னுதான் கேக்கோம்" என்றாள் லயத்து அக்கா.

அப்பா கூரையைப் பார்த்தார். மழை வேறு பெரிதாகிவிட்டது. அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். என்னைக் கட்டுவதற்காக அத்தை புதிதாகக் கொண்டுவந்து வைத்திருந்த நாடாவை எடுத்து மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பேசாத அம்மா அந்த மழைச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் பேசினாள்.

"மைனி, அவளுக்க கை அவளுக்க கிட்டயே இருக்கட்டும்."

அம்மா அத்தையை எதிர்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று பிற்பாடு அப்பா சொல்வார். அத்தை ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கடைசியில், காலையில் சிலேட்டுக்கு வலக்கை, மத்தியானம் லயத்துக்கு இடக்கை என்று ஒரு சமரசத்துக்கு வந்தாள்.

நண்பர்களே, அந்த மத்தியானங்களைப் பற்றி நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ளப் போகிறேன். லயத்தின் பின்னால் ஓடை. அங்கே கட்டுக்கட்டாகக் குச்சியை ஊறப்போட்டிருப்பார்கள், மேலே கல்லை ஏற்றி. ஊறின பட்டை அழுகின முட்டை போல நாறும். அதை உரித்து, கல்லில் அடித்து, அலசி அலசி எடுத்தால் உள்ளேயிருந்து அந்த மஞ்சள் நார் வரும். செடியைத் தூரோடு வெட்டமாட்டார்கள். ஒரு தூரில் நேராக வளர்ந்த இளங்கொம்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். வெட்டின இடத்தில் அடுத்த வருஷம் இன்னும் நேரான கொம்பு வரும். வெட்டத் தெரியாமல் வெட்டினவளை அந்த வாரம் முழுக்கக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள்.

இன்னொரு வழக்கம் இருந்தது. ஒரு ஜோடிக் கயிற்றுக்கு ஒரே கொம்பின் பட்டை. அதை நெடுக இரண்டாகக் கிழித்து ஒரு பாதி வலத்தனுக்கு, ஒரு பாதி இடத்தனுக்கு. வேறு வேறு கொம்பென்றால் மழையில் ஒன்று அதிகமாக இழுபடும், ஒன்று குறைவாக. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தால்தான் சேர்ந்து நீளும். முறுக்குகிறவர்களும் எதிரெதிராக உட்கார வேண்டும். லயத்து அக்கா வலத் தொடையில் உருட்டுவாள், நான் அவளுக்கு எதிரே இடத் தொடையில் உருட்டுவேன். வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் அடுப்புச் சாம்பல் தொட்டுக்கொள்வோம். எல்லோருக்கும் சாம்பல் கிண்ணம் வலப்பக்கம் இருக்கும், எனக்கு மட்டும் இடப்பக்கம் வைப்பார்கள். யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசியதே இல்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

"பாப்பாவுக்கு மாப்பிள்ளையும் இடத்தனாவே பாத்துருவோம். வீடு திரும்பாம நேரா நிக்கும்" என்று கேலி செய்வார்கள். தொடை சிவந்து எரியும், மயிரைப் பிடுங்கினது போல இருக்கும். ராத்திரி அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். அத்தை பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஓணம் கழிந்து பஸ் ஏறினோம். கொண்டைஊசி வளைவில் பஸ் திணறித் திரும்பும்போது ஜன்னலுக்கு நேராகத் தேயிலைச் சரிவு. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள், முதுகுகளில் கூடைகள் ஒன்றுகூடத் திரும்பாமல் நேராக நின்றன. அத்தை எட்டிப் பார்த்தாள்.

"கூடையெல்லாம் நல்லாத்தான் நிக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக இடக்கையால எழுதிராத, கேட்டியா" என்று ஒரு இஞ்சி மிட்டாய் தந்தாள்.

எழுத்தைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. ஆனால் கரமனை வீட்டில் நான் வாழைநாரை முறுக்கினேன், தேங்காய் நாரை முறுக்கினேன், பழைய சேலைக் கிழிசலை முறுக்கினேன். எல்லாம் இடத்தன். கொடியில் காய்ந்த துணிக்குத் தெரியுமா எந்தப் பக்க முறுக்கு என்று? அத்தை வீட்டில் கடைசிவரை என் கயிற்றில்தான் வாளி கிணற்றுக்குள் இறங்கியது.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். காட்டு நார்ச் செடிகளைப் பற்றிய பழைய அறிவைப் பாதுகாக்கிறோம் என்று ஒரு பயிற்சியும் கண்காட்சியும் நடப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, ஆட்டோ பிடித்துப் போனேன். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. மலையிலிருந்து பெண்களைக் கூட்டிவந்திருந்தார்கள். தரையில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்து முறுக்கினார்கள். அந்த ஓடை நாற்றம் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் செய்த பூந்தொட்டி உறிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பெயர்ச்சீட்டு, எல்லாச் சீட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேன் காற்று என்றார் பயிற்சி கொடுக்கிற தம்பி.

மூலையில் ஒரு அட்டைப் பெட்டி. கழித்துப் போட்ட கயிறுகள். ஒன்றை எடுத்தேன். விரலுக்குத் தெரிந்துவிட்டது, இடத்தன். அடுத்ததும் இடத்தன். முறுக்கு அவ்வளவு இறுக்கம், எனக்குப் பொறாமையாகவே இருந்தது. யார் முறுக்கியது என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினார். அவள் வலது கையால் உருட்டிக்கொண்டிருந்தாள், நார் உருண்டு உருண்டு பிரிந்துகொண்டிருந்தது. இடது கை மடிக்குள் இருந்தது.

"இந்தக் குட்டி மட்டும் திருப்பிப் போடுது அம்மே. ஸ்டாண்டர்ட் ஒண்ணுதானே? ஓணத்துக்கு முன்னாடி கையைச் சரியாக்கிடலாம்" என்றார். சிரித்துக்கொண்டே, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

ஓணத்துக்கு முன்னாடி. ஒரு ஆயுசே போய்விட்டது, அந்தக் கெடு மட்டும் மாறவில்லை.

நான் ஒரு உறியை இறக்கி, ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்து, பெட்டியிலிருந்து ஒன்றைப் போட்டுக் கட்டி மாட்டினேன். தொட்டி நேரே நின்று பெயர்ச்சீட்டைக் காட்டியது. கூடையையும் கழுத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டார், தலையாட்டினார், "ஆரோ ஃபேனை ஆஃப் செய்தாச்சு" என்றார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயிற்சிக்கான புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம், அதில் முறுக்கு ஒன்றுதானாம்.

சரி, அச்சுக்குப் போகட்டும். நான் செருப்பைக் கழற்றினேன். கடைசி வரிசையில் ஒரு வலக்கைக்காரிக்கு எதிரே, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், முழங்கால் இரண்டும் முனகத் தரையில் உட்கார்ந்தேன். சேலையை முட்டிக்குமேல் ஏற்றினேன். இந்த வயதில் என் தொடையை யார் பார்த்தால் என்ன? ஒரு பிடி நாரை எடுத்து இடத் தொடையில் வைத்து உருட்டினேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் நார் எனக்காகத் தானாக ஏறிக்கொண்டது.

"எந்தா அம்மே இது?" என்றார் தம்பி.

வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை. கரமனைத் தமிழும் இல்லை, ஐம்பது வருஷமாகப் பேசுகிற மலையாளமும் இல்லை. தகரக் கூரை மழைக்கு மேலே கேட்கிற மாதிரி உரக்க வந்தது.

"அவளுக்க கை அவளுக்க கிட்டயே இருக்கட்டும்."

தம்பிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. நாளைக்கும் போகிறேன், மறுநாளும் போகிறேன். அந்தப் பெட்டி காலியாகி எல்லாக் கயிறும் ஜோடி சேரும் வரைக்கும் போவேன், பாயைச் சுருட்டி என்னைத் தூக்கி வெளியே வைத்தால்தான் உண்டு. அன்றைக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பெண் வலப்பக்கம் இருந்த சாம்பல் கிண்ணத்தை மெல்ல இழுத்துத் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டாள்.